துயர் நடுவே ஒரு விருந்து

விளையாட்டு என்றதும், 'இலக்கிய ஏட்டில் அதற்கென்ன இடம்?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாமும் நெடுங்காலம் அக்கட்சியினராகவே இருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த நம் தம்பியின் மகன், இஷாத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் ஆடிக்கொண்டிருந்த ஒரு கணினி விளையாட்டை எப்போது அணைப்பான் என்று பார்க்கப் போன நாம், இரண்டாம் நாள் அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டோம். அங்கே நாம் கண்டது விளையாட்டு மட்டுமன்று; ஒரு நெடுங்கதை. கதையொன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் குடியேறுமானால், கதைக்குரிய அளவுகோல் கொண்டே அதனை அளந்து பார்ப்பது முறையன்றோ?

கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்' என்பதே அக்கதை. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நாம் எடுத்துக்கொள்வது மூன்றாம் பாகத்தை. ரீப்பர்கள் என்னும் மாபெரும் இயந்திர உயிர்கள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை விண்ணின் இருளிலிருந்து இறங்கி, அறிவில் வளர்ந்த இனங்களையெல்லாம் கதிரறுப்பதுபோல் அறுத்துச் செல்கின்றன. 2186ஆம் ஆண்டில் அவற்றின் கை பூமியின்மீது விழுகிறது. வான்கூவர் நகரம் எரிகிறது. கதைத் தலைவரான ஷெப்பர்ட் என்னும் படைத்தளபதி (ஆணாகவோ பெண்ணாகவோ ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம்) தப்பிச் செல்லும் கப்பலில் நின்றபடி கீழே பார்க்கிறார். சற்றுமுன் அவர் காப்பாற்ற முயன்ற ஒரு சிறுவன் மீட்பு ஊர்தியில் ஏறுகிறான்; அவர் கண்முன்பே அவ்வூர்தி வெடித்துச் சிதறுகிறது. அந்தச் சிறுவன் பிறகு அவருடைய கனவுகளில் திரும்பத் திரும்ப வருகிறான். இவ்வளவும் கதையின் தொடக்கமே. ஆடுவோரின் தேர்வுக்கேற்ப நிகழ்ச்சிகள் மாறுபடும். பெரும்பாலோர் காணும் போக்கையே ஈண்டு கூறுகிறோம்.

பல்வேறு இனத்தாரும் கூடி வாழும் சிட்டாடல் என்னும் விண்வெளிப் பெருநகரம் இக்கதையின் நடுக்களம். அதன் மேல்தளங்களில் கடைகளும் பூங்காக்களும் இருக்க, கீழே துறைமுகத்தில் அகதிகள் அடைந்து கிடக்கின்றனர். காணாமற்போனவர்களின் படங்களை ஒட்டிய சுவர் ஒன்று அங்குண்டு. பெற்றோர் அடுத்த கப்பலில் வந்துவிடுவார்கள் என்று காத்திருக்கும் ஒரு சிறுமியும் அங்கே இருக்கிறாள். ஒவ்வொரு முறை நாம் அவ்வழியே போகும்போதும் அவள் காவலரிடம் பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். அந்தப் பெற்றோர் வரப்போவதில்லை என்பதைக் காவலர் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார். அவளுக்குத்தான் அது மெல்ல மெல்லப் புரிகிறது. கதைத் தலைவருக்கு இவ்விருவரோடும் எவ்விதத் தொடர்பும் இல்லை. போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போகலாம், கேளாமலும் போகலாம். இத்தகைய இடங்களில் இந்த ஆசிரியர்களின் கைத்திறனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இனி நம் வழக்குக்கு வருவோம். மூன்றாம் பாகம் வெளிவந்து ஓராண்டு கழித்து, 2013 மார்ச்சில், 'சிட்டாடல்' என்ற பெயரிலேயே ஒரு கூடுதல் பகுதி வெளிவந்தது. அதன் கதை இது: கப்பலைப் பழுதுபார்க்க வேண்டியிருப்பதால் ஷெப்பர்டும் குழுவினரும் சில நாள் ஓய்வெடுக்குமாறு பணிக்கப்படுகின்றனர். ஆண்டர்சன் என்னும் மூத்த அதிகாரி தம்முடைய ஆடம்பர இல்லத்தை ஷெப்பர்டுக்குக் கொடுக்கிறார். ஓர் உயர்தர உணவு விடுதியில் கொலையாளிகள் தாக்குகின்றனர். ஷெப்பர்ட் மீன்தொட்டியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுகிறார். அந்த மீன்தொட்டியைச் சொல்லிச் சொல்லி அவரை எல்லாரும் கிண்டல் செய்கின்றனர். சதியின் மூலகாரணம், ஷெப்பர்டையே போன்ற ஒரு நகல் என்று தெரியவருகிறது. நகல் கப்பலைக் களவாடுகிறது. பூட்டிய கப்பலுக்குள் நுழையத் துணை நிற்பது ஒரு பல்துலக்கி! எதிரி ஒழிந்தபின் எல்லாத் தோழர்களையும் அழைத்து இல்லத்தில் பெருவிருந்து நடைபெறுகிறது. மது ஓடும் விருந்துதான். 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று முத்திரை குத்தப்பட்ட விளையாட்டு என்பதையும் பெற்றோர்கள் அறிந்திருத்தல் நலம். ஆனால் நம் மறுப்பு அதுவன்று. மதுவைக் காட்டி இந்தப் பகுதியைத் தள்ளிவிடுவது எளிது. எளிய வழியில் போக நமக்கு விருப்பமில்லை.

நம் மறுப்பு அது நிற்கும் இடத்தைப் பற்றியது.

இந்த ஓய்வுக்கான அழைப்பு எப்போது வருகிறது தெரியுமா? நகரத்தில் நிகழ்ந்த ஒரு சதிப்புரட்சி அடங்கிய உடனே. அந்தப் புரட்சியில்தான் தேய்ன் என்னும் தோழர் வாள்குத்துக்கு ஆளாகி மருத்துவமனையில் உயிர்விடுகிறார். முன்னாளில் கூலிக்குக் கொலை செய்தவர் அவர். பின்னாளில் அதற்காக வருந்தியவர். மரணப்படுக்கையருகே அவருடைய மகன் கோலியட் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இறைவேண்டல் ஒன்றைப் படிக்கிறான். ஷெப்பர்டும் சேர்ந்து படிக்கிறார். படித்து முடித்தபின், வேண்டலில் ஓரிடம் பொருந்தவில்லையே என்று ஷெப்பர்ட் கேட்கிறார். தந்தை தமக்காக ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டார், இந்த வேண்டல் உங்களுக்காக என்று மகன் விடை கூறுகிறான். சகராத்து நிலையில் கிடப்பவர்களின் தலைமாட்டில் அமர்ந்து ஓதிப் பழகிய நம்மவர்களுக்கு அக்காட்சியின் கனத்தை எடுத்துரைக்கத் தேவையில்லை. நம் தம்பி மகன் அன்றிரவு வேறொன்றும் ஆடாமல் கணினியை அணைத்துவிட்டான். மறுநாள் அதனைத் திறந்தால், ஓய்வெடுக்க வாருங்கள் என்ற மடல் காத்திருக்கிறது!

நகைச்சுவையே கூடாதென்று நாம் சொல்வதாக யாரும் கருதிவிட வேண்டாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். இரண்டும் அண்டை வீட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் ஒருவர், சிறுபிள்ளை, தாம் வளர்த்த குருவி இறந்துபோனதால் முகம் வாடி இருந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அபூ உமைர் என்று, பெரியவர்களை அழைப்பதுபோல் குன்யத்துப் பெயரிட்டு அழைத்து, அப்பெயரோடு குருவியின் பெயரும் இயைபாய் ஒலிக்கும்படி, குருவி என்னவாயிற்று என்று விளையாட்டாக வினவினார்கள். பறவை இறந்ததை மறைக்கவில்லை. வேறு பேச்சுக்குத் தாவவுமில்லை. பிள்ளையின் துயரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள்; கேட்ட முறையில்தான் இனிமை இருந்தது.

வியப்பு என்னவென்றால், இதே விளையாட்டின் ஆசிரியர்களுக்கு இந்தக் கலை நன்கு கைவந்திருக்கிறது. இரண்டு சான்றுகள் தருகிறோம்.

மோர்டின் என்னும் விஞ்ஞானி இரண்டாம் பாகத்தில் நம்மைச் சிரிக்க வைத்தவர். மூச்சுவிடாமல் பேசுவார். ஒருநாள் ஆங்கில நகைநாடகப் பாட்டு ஒன்றின் மெட்டில் தம்மைப் பற்றியே பாடிக் காட்டுவார். கேட்கும் ஷெப்பர்டும் திகைத்துப் போவார். மூன்றாம் பாகத்தில், ஓர் இனத்தையே பிள்ளைப்பேறின்றி வாட்டிய நோய்க்கு மருந்தைக் காற்றில் கலக்கச் செய்யும் பொறுப்பு அவர்மீது விழுகிறது. அந்த நோயை வளர்த்தெடுத்ததில் அவருக்கும் பங்குண்டு. இடிந்து விழும் கோபுரத்தின் உச்சிக்குத் தனியே ஏறுகிறார். தீப்பிழம்புக்கு நடுவே வேலை செய்தபடி அதே பாட்டை முணுமுணுக்கிறார். பாட்டு முடியும் முன்பே கோபுரம் வெடிக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் சிரிப்பாக இருந்த அதே மெட்டு இங்கே தொண்டையை அடைக்கிறது. முதல்முறை சிரித்தவர்களால்தான் இரண்டாம்முறை அழ முடியும் என்னும் இந்த ஏற்பாடு எந்த நல்ல நாவலாசிரியரும் விரும்பக்கூடியது.

மற்றொன்று ஜோக்கர் என்னும் கப்பலோட்டியைப் பற்றியது. தெஸ்ஸியா என்னும் உலகம் வீழ்ந்து, கோடிக்கணக்கானோரைக் கைவிட்டுக் கப்பல் புறப்பட்டபின், அவ்வுலகத்து மக்களைப் பற்றி அவர் ஒரு மட்டமான நகைச்சொல்லை உதிர்க்கிறார். ஷெப்பர்ட் சினந்து விழுகிறார். அப்போதுதான் உண்மை வெளிவருகிறது: ஷெப்பர்டின் மனச்சுமை எல்லை கடந்துவிட்டதைக் கருவிகள் காட்டுகின்றன, அவரைப் பார்த்துக்கொள் என்று ஆண்டர்சன் தம்மிடம் ஒப்படைத்திருக்கிறார், ஆகவேதான் அந்த வேடிக்கைப் பேச்சு. ஜோக்கரின் தந்தையும் தங்கையும் டிப்ட்ரீ என்ற குடியேற்றத்தில் இருக்கின்றனர். அந்த ஊரிலிருந்து தப்பிவந்து மருத்துவமனையில் மனம் பேதலித்துக் கிடக்கும் ஒரு வீராங்கனையின் பேச்சைக் கவனித்துக் கேட்டவர்கள், அந்தத் தங்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊகித்துக்கொள்வார்கள். ஜோக்கருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவருடைய நகைச்சொல்லைக் கேட்கும்போது எப்படி இருக்கும்? இங்கே நகைச்சுவை தவறிய இடத்தில் அதைக் கண்டிக்கக் கதைக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார் என்பதையும் நோக்குக.

கூடுதல் பகுதியின் நகைச்சுவை இவ்விரண்டினும் வேறுபட்டது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன் வழியே பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. இங்கே மிகுந்திருப்பது எள்ளல்; அதுவும் தன்னையே எள்ளுதல். ஷெப்பர்ட் உரையாடலை முடிக்கும்போதெல்லாம் ஒரே வாய்ப்பாட்டில் விடைபெறுவது மூன்று பாகங்களிலும் உள்ள வழக்கம். நகலும் அதே சொற்களைச் சொல்ல, 'நான் இப்படியா பேசுகிறேன்?' என்னும் பொருள்பட ஷெப்பர்ட் வியக்கிறார். நம் தம்பி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். விளங்காமல் நாம் விழித்தோம். சிரிப்பு ஆசிரியர்களுக்கும் பலகாலம் ஆடிப் பழகியவர்களுக்கும் இடையே நடக்கிறது. ஷெப்பர்ட் என்னும் பாத்திரத்தின் தலைக்கு மேலே அது பறந்து செல்கிறது. தன் கதைக்குள்ளே நின்று பார்த்தால், அன்றைய நிலையில் அவருக்குச் சிரிப்பதற்கு ஏதுமில்லை.

போர்க்களத்தில் சிரிப்பு இயல்புதானே என்று கேட்கலாம். உண்மை. 1916இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் பிரிட்டானியப் படைவீரர்கள், இடிபாட்டில் கிடந்த அச்சுப்பொறியைக் கண்டெடுத்து 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்ற நகைச்சுவை ஏட்டையே நடத்தினார்கள். ஆனால் அவர்கள் எதை வைத்துச் சிரித்தார்கள்? பதுங்குகுழியின் சேற்றை, குண்டு வீச்சை, மேலதிகாரிகளின் அறியாமையை. போரே அவர்களுடைய சிரிப்பின் கருப்பொருள். நம் கூடுதல் பகுதியிலோ கருப்பொருள் மீன்தொட்டியும் பல்துலக்கியும். பூமியில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருப்பது மணிக்கணக்காக எவர் நினைவிலும் எழவில்லை. ஆயுத நிறுவனம் ஒன்று நடத்தும் போட்டி அரங்கு ஒன்றும் இதில் உண்டு. அங்கே ரீப்பர்களின் படைகளை ஒளியுருவங்களாக எழுப்பி, சுட்டு வீழ்த்திப் புள்ளிகள் சேர்க்கலாம். அந்தப் படைவீரர்கள் யார்? ரீப்பர்கள் கொன்று உருமாற்றிய மனிதர்களும் பிற இனத்தாரும். அவர்களுடைய சாயலைச் சுட்டு விளையாட மக்கள் கூட்டமாகக் கூடிக் கைதட்டுகிறார்கள். முதன்மைக் கதையாக இருந்தால் ஆசிரியர்கள் இந்த இடத்தில் ஒரு முள்ளை வைத்திருப்பார்கள். இங்கே வெற்றிக் கோப்பையோடு விட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றினும் நம்மை உறுத்தியது அந்த நகலின் முடிவு. ஷெப்பர்ட் ஒருமுறை இறந்து, செர்பெரஸ் என்னும் அமைப்பினரால் இரண்டாண்டு முயற்சியில் உயிர்ப்பிக்கப்பட்டவர். அம்முயற்சியின்போது கையோ இதயமோ நுரையீரலோ தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வதற்கென்றே வளர்க்கப்பட்டதுதான் அந்த நகல். உதிரி உறுப்புகளுக்கான கிடங்காக ஓர் உயிர்! விழித்தெழுந்த அந்த உயிருக்குத் தாயில்லை, தகப்பனில்லை, இளமைப் பருவமில்லை. மற்றொருவரின் முகம் மட்டுமே உண்டு. அறிவியற்கதை எழுதுவோர்க்கு இதனினும் பெரிய பொருள் வேறென்ன கிடைக்கும்? இறுதிச் சண்டையில் ஷெப்பர்டும் நகலும் பறக்கும் கப்பலின் விளிம்பில் தொங்குகின்றனர். தோழர்கள் ஓடிவந்து ஷெப்பர்டைத் தூக்கிவிடுகின்றனர். நகலோ தன் கூட்டாளியைப் பார்க்கிறது; அவள் ஓடிவிடுகிறாள். ஷெப்பர்ட் கைநீட்டினாலும் நகல் பற்றிக்கொள்ளவில்லை. கீழே விழுந்து மறைகிறது.

இந்தச் சில நொடிகள் உண்மையானவை. உறவு இருந்தவர் பிழைத்தார், உறவற்றவர் விழுந்தார் என்னும் செய்தி யாரும் சொல்லாமலே நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் அது இறங்கி முடிப்பதற்குள் மீண்டும் கேலிப்பேச்சு தொடங்கிவிடுகிறது. அடுத்து விருந்துக்கு யார் யாரை அழைப்பது என்ற ஆலோசனை. அந்தக் கப்பலில் இறந்த தோழர்களின் பெயர்களைப் பொறித்த சுவர் ஒன்று இருக்கிறது. மோர்டினின் பெயரும் தேய்னின் பெயரும் அதில் ஏறிவிட்டன. அத்தகைய கப்பலிலிருந்து ஓர் உயிர் விழுந்து மாய்ந்திருக்கிறது. பகைவனேயாயினும் ஒரு கணம் வாய்மூடி நிற்கக் கதை நேரம் ஒதுக்கவில்லை.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, இந்தப் பகுதியை இலட்சக்கணக்கானோர் ஏன் நேசிக்கிறார்கள் என்பதைக் கூறாவிடில் நாம் நேர்மை தவறியவராவோம். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது அதன் முடிவு பலரைச் சினங்கொள்ளச் செய்தது. அவ்வாண்டு ஜூனிலேயே நிறுவனம் முடிவை விரித்துரைத்து இலவசமாக வெளியிட நேர்ந்தது. ஆண்டுக்கணக்காகப் பழகிய பாத்திரங்களிடம் ஒழுங்காக விடைபெறக்கூட முடியவில்லையே என்பது ஆடியவர்களின் ஏக்கம். 2013இல் வந்த கூடுதல் பகுதி அந்த ஏக்கத்துக்கு மருந்து. அதை அன்று ஆடியவர்கள் கதையின் முடிவை அறிந்தவர்கள். யார் யார் மாண்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விருந்தில் நகைக்கும் ஒவ்வொரு முகத்தையும் அவர்கள் அந்த அறிவோடுதான் பார்த்தார்கள். விருந்துக்கு வரும் முரட்டுப் போர்வீரர் ஸயீதுக்குக் குரல் கொடுத்த ராபின் சாக்ஸ் என்னும் நடிகர், இப்பகுதி வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2013 பிப்ரவரியில் காலமானார். அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது வெறும் வேடிக்கையாக இருந்திருக்காது. ஆக, 2013இல் அது இடம் தவறிய சிரிப்பன்று. அடக்கம் முடித்துத் திரும்பிய உறவினர் கூடியமர்ந்து, போனவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிப்பதைப் போன்றது.

கேடு பின்னர் வந்தது. 2021 மே மாதத்தில் மூன்று பாகங்களையும் புதுக்கி ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். கூடுதல் பகுதியும் அதனுள் சேர்ந்தது. இன்று புதிதாக ஆடும் பிள்ளைக்கு ஓராண்டு இடைவெளி இல்லை. கதையின் முடிவும் தெரியாது. தேய்னின் மரணத்துக்கும் தெஸ்ஸியாவின் வீழ்ச்சிக்கும் இடையில் அழைப்பு மடல் வந்து கிடக்கிறது, அவனும் திறந்துவிடுகிறான். அடக்கத்துக்குப்பின் பேசவேண்டிய பேச்சு, மய்யித்தைக் கிடத்தியிருக்கும்போதே கூடத்தில் எழுந்துவிடுகிறது. சொற்கள் அவையேதாம், வேளைதான் மாறிப்போயிற்று. ஆர்வலர்கள் சிலர் இப்பகுதியைக் கதை முடிவுக்கு அப்பால் நகர்த்தித் தரும் மாற்றங்களைத் தாங்களே செய்து பகிர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பாராட்டு. நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அப்படி நகர்த்துவதற்கு இப்பகுதிக்குள்ளேயே தகுதி இருக்கிறது என்பதே வருத்தத்தை மிகுவிக்கிறது. அதே இல்லத்தில் தேய்னுக்காக ஒரு நினைவுக் கூட்டம் நடத்தலாம். மகன் கோலியட் வருகிறான். தோழர்கள் ஒவ்வொருவராகத் தேய்னைப் பற்றிப் பேசுகின்றனர். ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. விருந்துக்கு மறுநாள் காலையில் எல்லாரும் துறைமுகத்தில் நின்று தங்கள் கப்பலைப் பார்க்கும் காட்சியும் அத்தகையதே. ஓரிரு சொற்களே பேசப்படுகின்றன. பயணம் நன்றாக இருந்தது என்ற அளவில். அந்த இடத்தில் மட்டும் அவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

விருந்துக் காட்சி ஓடிக்கொண்டிருந்த இரவு, சிரித்துக்கொண்டிருந்த நம் தம்பி மகன் திடீரென நம் பக்கம் திரும்பினான். "பெரியவாப்பா, இவங்க எல்லாம் இங்க ஆடிப்பாடிக்கிட்டு இருக்கிறப்ப, கீழ அந்தப் பொண்ணு அங்கேயேதானே நிக்கும்?" என்றான். என்ன விடை கூறுவதென்று நமக்குத் தெரியவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை போலும். விருந்து முடிந்து கப்பலுக்குத் திரும்பச் சொல்லும் குறிப்பு திரையில் தெரிந்தது. அவன் அங்கே போகவில்லை. மின்தூக்கியில் ஏறித் துறைமுகத் தளத்துக்கு இறங்கினான். படங்கள் ஒட்டிய சுவரைக் கடந்தான். சிறுமி காவலரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை ஷெப்பர்டை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தான்.